தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து சுங்கை பினாங்கு வரை: ஓர் ஓடை நடைப் பயிற்சியின் மதிப்பீடு

பினாங்குத் தீவில் குடியிருப்பாளர்கள் சிலரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, ஆறுகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் அறிமுகப்படுத்தும் அரைநாள் பயிற்சி ஒன்றை நடத்தி வருகிறார்கள். தமிழ்ப்பள்ளி மாணவர்கள், ஆலய இளைஞர் பிரிவினர், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் மக்கள் என்று கலந்து வரும் இருபது பேருக்கு மேற்படாத குழுவை அழைத்துக்கொண்டு, மலையடிவாரத்து ஓடையில் தொடங்கி, நகரத்து வடிகாலைக் கடந்து, ஆறு கடலை நெருங்கும் இடம் வரை செல்வதே பயிற்சியின் அமைப்பு. அலுவலகமோ பெயர்ப்பலகையோ இல்லாத, வாய்மொழியாகவே ஆள் சேர்க்கும் குழு இது என்பதால் அதற்குப் பெயர் சூட்டி எழுத வேண்டிய தேவை இல்லை. ஆனால் பினாங்கில் இத்தகைய நடைகளை ஏற்பாடு செய்வோரும், தம் பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் பெருகி வருவதால், இந்தச் சேவையில் எது பயன் தருகிறது, எது குறைபட்டிருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓர் ஓடையைப் பார்த்து அதன் நலத்தைக் கணிக்கும் கண்ணை இப்பயிற்சி தருகிறது. அந்தக் கண் கண்டதை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதை அது இன்னும் கற்றுத்தரவில்லை.

நடை தொடங்கும் இடம் நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்குத் தைப்பூசத்தில் செல்லும் அனைவரும் அறிந்த அதே சாலையின் மேற்பகுதியில், 1884இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவை அடுத்து, சுங்கை ஆயர் தெர்ஜுன் (மலாயில் ‘சுங்கை’ என்றால் ஆறு) என்ற சிற்றாறு பாறைகளுக்கிடையே இறங்கி வருகிறது. ஜோர்ஜ் டவுன் நகரம் உருவான தொடக்க ஆண்டுகளில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, இந்த மலையோடைகளின் தண்ணீரைத்தான் செங்கல் கால்வாய் கட்டி நகருக்குக் கொண்டு சென்றார்கள் என்பதைப் பயிற்றுநர் அங்கேயே நின்று விளக்குகிறார். அந்த இடத்தில் கேட்பதால், வகுப்பறையில் கேட்டால் வெறும் ஆண்டுக் குறிப்பாகிவிடும் செய்தி, காலடியில் ஓடும் தண்ணீரோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது.

இந்த முதல் நிறுத்தத்தில்தான் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி நடக்கிறது. முழங்கால் ஆழத்திற்கும் குறைவான நீரில் ஒருவர் சல்லடை வலையை நீரோட்டத்திற்கு எதிராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதற்கு முன்னால் கிடக்கும் உள்ளங்கையளவு கற்களைப் புரட்டிக் கையால் தடவிவிடுகிறார்; கல்லில் ஒட்டியிருந்தவை ஓட்டத்தில் அடித்து வந்து வலையில் சிக்குகின்றன. அவற்றை வெள்ளைத் தட்டில் சிறிது தண்ணீரோடு கொட்டியதும், முதலில் மணலும் இலைத்துணுக்குகளும் மட்டுமே தெரியும். அரை நிமிடம் அசையாமல் பார்த்தால், அந்த மணலின் ஒரு பகுதி நடக்கத் தொடங்குகிறது. தட்டையான உடலும் பின்னால் மூன்று மெல்லிய மயிர் போன்ற வாலும் கொண்ட மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம், மணல்துகள்களை ஒட்டித் தனக்கு உறை கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் காடிஸ் புழு, குண்டான வயிற்றோடு மெதுவாகக் கால் நகர்த்தும் தட்டான் குஞ்சு, கண்ணாடி போன்ற சிறு நன்னீர் இறால் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது மாணவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடுவதைக் கவனித்தேன். "ஐயா, தண்ணிய விட்டு எடுத்தா செத்துப் போயிடுமா?" என்று ஒரு சிறுமி கேட்டதற்கு, "அதனாலதான் சீக்கிரம் பார்த்துட்டு, எடுத்த இடத்துலேயே விடணும்மா" என்று பதில் சொன்ன பயிற்றுநர், எண்ணி முடித்த கையோடு தட்டை ஓடையில் சாய்த்துக் காட்டினார்.

உயிரினங்களை எண்ணும் இம்முறையின் அறிவியல் அடிப்படை எளிமையானது. அதைப் பயிற்றுநர்கள் தெளிவாகவே விளக்குகிறார்கள். சோதனைக் குப்பியில் எடுக்கும் தண்ணீர் அந்த நொடியின் நிலையை மட்டுமே சொல்லும். நேற்றிரவு யாரேனும் கழிவைக் கொட்டியிருந்து, அது விடிவதற்குள் அடித்துச் செல்லப்பட்டிருந்தால், குப்பிக்கு அது தெரியாது. மேஃப்ளை போன்றவை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அதே கல்லுக்கடியில் வாழ்ந்து வளர்பவை. உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்தாலும் நச்சு கலந்தாலும் அவைதாம் முதலில் மறைகின்றன. ஆகவே அவை இருக்கின்றன என்பதே, கடந்த சில வாரங்களில் இந்த ஓடைக்குப் பெரிய கேடு எதுவும் நேரவில்லை என்பதற்கு நம்பத்தகுந்த சான்று. ஆய்வகமும் பணமும் இல்லாத ஊர்மக்கள் கையில் இதைவிட நல்ல கருவி இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

மலைக்காடு ஏன் தேவை என்பதற்கான விளக்கமும் இங்கேயே தரப்படுகிறது. பினாங்கு மலை கருங்கல் மலை. அதன்மேல் சிதைந்த பாறையும் மண்ணும் படிந்த போர்வையைக் காட்டின் வேர்களும் உதிர்ந்த இலைகளும் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. மழை அதற்குள் ஊறி, பாறைப் பிளவுகளின் வழியே மெதுவாகக் கசிந்து, மழையில்லாத நாள்களிலும் ஓடையை ஓட வைக்கிறது. சரிவு வெட்டப்பட்ட இடத்தில் அதே மழை ஊறாமல் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இறங்கிவிடுகிறது. அது கீழே வெள்ளமாகிறது, அணைக்குள் வண்டலாகிறது, சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கலாகிறது. பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்தையும் மலைநிலமாகக் கருதும் திட்டமிடல் விதி இருப்பதற்குக் காரணம் இதுவே. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் கொட்டிய மழையையும் மண்சரிவுகளையும் நேரில் கண்ட தீவுவாசிகளுக்கு இந்த விதியின் அவசியத்தை நீண்ட நேரம் விளக்க வேண்டியதில்லை. 2021இல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததையும் பயிற்றுநர் குறிப்பிடுகிறார். ஆனால் அந்தத் தகுதி மட்டும் ஒரு சரிவையும் காத்துவிடாது என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் நிறுத்தம், உணவுக்கடைகள் நெருங்கிய ஒரு சந்தைப் பகுதியின் பின்புற வடிகால். இங்கே பத்து நிமிடம் நிற்பதற்குள் முதல் நிறுத்தத்தில் கண்டதெல்லாம் வேறு உலகமாகத் தோன்றிவிடுகிறது. கடையின் பாத்திரம் கழுவும் குழாய் நேரே வடிகாலில் முடியும் இடத்தில், சமையல் எண்ணெய் உறைந்து மெழுகு போல வெள்ளையாகச் சுவரில் படிந்திருக்கிறது. அதன்மேல் சோற்றுப் பருக்கைகளும் மிளகாய்த் தோலும் ஒட்டியிருக்கின்றன. கழிவறை நீர் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கிறது. ஆனால் பழைய கடைவீடுகள் பலவற்றில் சமையலறை நீர் மழைநீர் வடிகாலிலேயே விழுகிறது, அங்கிருந்து எந்தச் சுத்திகரிப்பும் இன்றி ஆற்றை அடைகிறது. இந்த ஒரு செய்தியை அறியாத படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். எண்ணெயையும் திடக்கழிவையும் தடுத்து நிறுத்தும் கொழுப்புத் தொட்டி எப்படி வேலை செய்கிறது, அதை வாரந்தோறும் அள்ளித் துப்புரவு செய்யாவிட்டால் அது ஏன் வெறும் பெட்டியாகிவிடுகிறது என்பதையெல்லாம் ஒரு கடைக்காரரின் ஒப்புதலோடு மூடியைத் திறந்தே காட்டுகிறார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் பினாங்கில் அரிது என்பதால், வந்திருந்த பலருக்கு இது ஆற்றைப் பற்றிய பாடமாக மட்டும் இல்லாமல் தம் வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது.

மூன்றாம் நிறுத்தம் கீழ்நிலைச் சுங்கை பினாங்கு. ஆயர் தெர்ஜுன், ஆயர் ஈத்தாம், டொண்டாங், ஜெலுத்தோங் ஆகிய கிளையாறுகளின் நீரெல்லாம் இங்கே சேர்கிறது. இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கிறார்கள். ஆற்றில் இறங்க முடியாது என்பதால் வாளியில் மொண்டு பார்ப்பதோடு சரி. அடிச்சேற்றைச் சிறிது அள்ளித் தட்டில் பரப்பினால், மேலே கண்ட உயிர்களில் ஒன்றும் இல்லை. நூல் போன்ற செந்நிறப் புழுக்கள் மட்டும் நெளிகின்றன. நம் இரத்தத்தில் இருப்பது போன்ற செந்நிறப் புரதம் அவற்றின் உடலிலும் இருப்பதால்தான் உயிர்வளி மிகக் குறைந்த சேற்றிலும் அவை பிழைத்திருக்கின்றன என்ற விளக்கத்தைக் கேட்டபின், அந்தச் சிவப்பு நிறமே ஆற்றின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

இனிச் சோதனைப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியின் கையேடு இதைத்தான் பெரிதாக விளம்பரப்படுத்துகிறது. காரகாடித்தன்மை (pH) காட்டும் தாள், அம்மோனியாவுக்கான சொட்டுமருந்தும் நிற அட்டையும், கரைந்த உயிர்வளியைக் காட்டும் மாத்திரைகள், வெப்பமானி, அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் பதித்த நீண்ட கண்ணாடிக்குழாய் ஆகியவை அதில் உள்ளன. மலேசியச் சுற்றுச்சூழல் துறை பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைக் கொண்டது. அவற்றுள் கரைந்த உயிர்வளி கணக்கில் 22 விழுக்காட்டுப் பங்குடன் முதலிடம் பெறுகிறது. உயிர்வேதி உயிர்வளித் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் உயிர்வளி) 19, வேதி உயிர்வளித் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளி) 16, மிதக்கும் திடப்பொருள் 16, அம்மோனியா நைட்ரஜன் 15, காரகாடித்தன்மை 12 என்று மற்றவை தொடர்கின்றன. இப்பெட்டியால் அவற்றுள் மூன்றை மட்டுமே நேரடியாக அளக்க முடியும். கலங்கலைக் குழாயின் மூலம் தோராயமாக ஊகிக்கலாம். உயிர்வேதி உயிர்வளித் தேவையை அறிய 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள்கள் நீரை வைத்திருக்க வேண்டும். வேதி உயிர்வளித் தேவைக்கு வலுவான அமிலம் வேண்டும். ஆகவே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆற்றின் தரவகுப்பை (முதல் வகுப்பே மிகத் தூயது) எழுதுவதற்கென்று கட்டம் போட்டிருப்பது சரியன்று. பாதிக் கணக்கை வைத்து முழு வகுப்பைச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது, நாளை அவர்கள் அதிகாரிகளின் முன் நின்று பேசும்போது அவர்களுடைய சொல்லையே வலுவிழக்கச் செய்துவிடும்.

நிற அட்டையிலும் இதே சிக்கல். அதன் முதல் இரண்டு நிறங்களுக்கிடையே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இடைவெளி இருக்கிறது. ஆனால் அம்மோனியாவில் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் வரம்பு முறையே 0.1, 0.3 மில்லிகிராம். மலையோடையில் நுட்பமான மாற்றத்தை இந்த அட்டை காட்டாது. சந்தை வடிகாலில் நிறம் சட்டென்று கரும்பச்சையாக மாறுவதைத்தான் காட்டும். அதற்கு அது போதும். கண்ணாடிக்குழாயோ நான் பார்த்தவற்றுள் மிகப் பயனுள்ள எளிய கருவி. நீரை ஊற்றி மேலிருந்து பார்த்துக்கொண்டே, அடிவட்டம் கண்ணுக்குத் தெரியும்வரை நீரைத் திறந்துவிட்டு, நின்ற உயரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். மின்கலமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், எட்டு வயதுக் குழந்தையாலும் செய்ய முடியும். மேலே ஏதோ ஒரு சரிவில் மண் வெட்டப்படுகிறது என்பதை மழைக்கு மறுநாள் முதலில் அறிவிக்கக்கூடியது இந்தக் குழாய்தான்.

பயிற்சியின் முறையில் நான் கண்ட முக்கியமான குறை, அளக்கும் நேரம். மலையடிவார ஓடையைக் காலை எட்டு மணிக்கும், கீழ் ஆற்றை உச்சிவேளையிலும் அளந்து இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுகிறார்கள். நண்பகலில் நீர்ப்பாசி வெயிலைக்கொண்டு உயிர்வளியை வெளியிடுவதால், சாக்கடை கலந்த ஆறுகூட அந்த ஒரு மணிநேரம் நலமாக இருப்பதுபோல் தோன்றக்கூடும். விடியலுக்கு முன்தான் அதன் உண்மை நிலை தெரியும். அதோடு 28 பாகை வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்கக்கூடிய உயிர்வளி லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம்தான் என்பதால், வெப்பத்தைச் சேர்த்துப் பார்க்காத எண்ணுக்குப் பொருள் குறைவு. குழுவை இரண்டாகப் பிரித்து இரு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளக்கச் செய்தால் இக்குறை நீங்கிவிடும். அதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, அளந்த எண்கள் எங்கே போகின்றன என்பது. தாள்களைச் சேகரித்துக்கொள்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், அதோடு முடிகிறது. ஓர் ஆற்றை ஒருமுறை அளப்பதால் ஆற்றைப் பற்றி எதுவும் தெரியாது. அதே இடத்தில், அதே முறையில், மழைக்காலமும் வறட்சிக்காலமும் மாறி மாறித் தொடர்ந்து அளந்தால்தான், இயல்பு எது, கேடு எது என்று பிரித்தறிய முடியும். 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் ராவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய கேட்டை முதலில் உணரக்கூடியவர்கள் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களே. நாள்தோறும் பார்க்கும் அவர்களிடம் பழைய பதிவும் இருந்தால், அவர்கள் தரும் புகாரைத் தட்டிக்கழிப்பது எந்தத் துறைக்கும் எளிதாக இருக்காது. 1997இல் தொடங்கப்பட்ட வாட்டர் வாட்ச் பினாங்கு போன்ற அமைப்புகளின் அனுபவம் இதே தீவில் இருக்கிறது. அவர்களோடு இணைந்து ஒரு பொதுப் பதிவேட்டைத் தொடங்குவதை இக்குழு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

பயிற்சியில் சொல்லப்படாமல் விடுபட்ட ஒன்றும் உண்டு. 1962இல் கட்டப்பட்ட ஆயர் ஈத்தாம் அணையின் கொள்ளளவு 216 கோடி லிட்டர், 1999இல் முடிக்கப்பட்ட தெலுக் பஹாங் அணையின் கொள்ளளவு 1,824 கோடி லிட்டர் என்றெல்லாம் அட்டைப்படம் வைத்து விளக்குகிறார்கள். ஆனால் பினாங்கு மாநிலம் எடுத்துக்கொள்ளும் ஆற்றுநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படும் அந்த நீரின் ஒரு பகுதி கடலடிக் குழாய்களின் வழியே தீவுக்கு வருகிறது. அந்த ஆற்றின் தலைப்பு, ஓர் இலட்சத்து அறுபதாயிரம் எக்டருக்கும் மேற்பட்ட உலு மூடா காடு. நம் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் நாம் ஒருநாளும் பார்த்திராத அந்தக் காட்டின் தண்ணீர் என்பதைச் சொல்லாமல் தண்ணீர்மலை ஓடையை மட்டும் காட்டி அனுப்பினால், பிள்ளைகள் தம் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தவறாகவே புரிந்துகொள்வார்கள். ஒரு வரைபடமும் ஐந்து நிமிட விளக்கமும் இதற்குப் போதும்.

சமூகத்தைப் பற்றிய ஒன்றையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். தைப்பூச நாள்களில் அந்தச் சாலையோரத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் நாம் செய்யும் அன்னதானமும் தாகசாந்தியும் பெருமைக்குரியவை. ஆனால் அதன் நெகிழிக் குவளைகளும் பொட்டலங்களும் ஒரே மழையில் பக்கத்து வடிகாலில் இறங்கிவிடுகின்றன என்பதைப் பயிற்றுநர் மென்மையாகவும் நேராகவும் எடுத்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. யாரையும் குறை கூறாமல், பந்தல் போடுவோர் வடிகாலின் வாயில் வலைத்தடுப்பு வைக்கலாம், எவர்சில்வர் குவளைகளுக்கு மாறலாம் என்று வழியையும் சேர்த்தே சொன்னார். அதேபோல், ஆற்றைத் தூய்மையாக்கவென்று நுண்ணுயிர் கலந்த மண்ணுருண்டைகளை அதில் எறியும் நிகழ்ச்சியை இக்குழு வைத்துக்கொள்ளாததையும் பாராட்டுகிறேன். 2009 ஆகஸ்ட்டில் பினாங்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் நீரில் எறியப்பட்டன. மக்களின் ஆர்வம் உண்மையானதுதான். ஆனால் எண்ணெய்க் குழாய் வடிகாலில் திறந்தே கிடக்கும்வரை எறிபவரின் மனநிறைவைத் தாண்டி அதனால் நிலையான பயன் விளையும் என்று நான் நம்பவில்லை.

செல்ல விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கட்டணம் இல்லை, தேநீர்ச் செலவுக்கு விரும்பியதைத் தரலாம். விளக்கம் மலாயிலும் தமிழிலும் கலந்து வருகிறது. கையேடு மலாயில் மட்டுமே இருக்கிறது. தொடக்கநிலைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு தமிழ்ப் பதிப்பு அச்சிட்டால் நன்று, அதற்கு மொழிபெயர்ப்பு உதவி செய்ய ஆள் கிடைப்பது கடினமில்லை. பாசிபிடித்த பாறை வழுக்கும் என்பதால் பின்புறம் பட்டையுள்ள, நனையக்கூடிய காலணி அவசியம். செருப்போடு வந்தவர்களை ஓடையில் இறங்க விடாதது சரியான கட்டுப்பாடு. மலையின்மேல் மேகம் கறுத்தால் அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் நடையை நிறுத்திவிடுகிறார்கள். மலையோடை எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் நிறுத்தம் சலிப்பூட்டும். அவர்களை முதல் நிறுத்தத்தோடு அழைத்துச் சென்றுவிடலாம். பள்ளிகள் தனிக்குழுவாகப் பதிவு செய்வதாயின், ஒரே வகுப்பை ஒரே இடத்திற்கு ஆண்டு முழுவதும் தவணைக்கு ஒருமுறையாவது அழைத்து வரும்படி கேட்டுப் பாருங்கள். குழுவினர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள், தொடர்ந்த பதிவு உருவாக அதுவே இப்போது கையில் இருக்கும் வழி.